தலவிருட்சத்தின் நோய்க்கு எந்தச் சோதனை?

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தெற்கு வீதியில் நிற்கிற வில்வமரத்துக்குக் கடந்த மாரியோடு சொறி பிடித்துவிட்டது. இலையில் ஊசிமுனையளவு ஈரப்பொட்டாகத் தொடங்கி, பிறகு தடித்து, தக்கைபோல் மேலெழுந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டுகிறது. பச்சைக் காய்களின் ஓட்டிலும் அதே பருக்கள். பழுதில்லாத வில்வம் பத்து ஆய்வதற்குக் குருக்கள் ஒரு கொப்பு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

வீதிக்கு அப்பால் சனசமூக நிலையத்து இளைஞர்கள் போட்ட நாற்றுமேடை இருக்கிறது. வில்வம், விளாத்தி, தேசி (எலுமிச்சை), வேம்பு என்று பைகளில் அடுக்கியிருக்கிறார்கள். ஐப்பசி மழையோடு வீட்டுக்கு இரண்டு கன்று கொடுப்பது திட்டம். அங்கே தேசிக் கன்றுகளிலும் சொறி. தேசியில் சொறி என்பது எவருக்கும் செய்தியல்ல. அதனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வில்வத்தில் வந்த பிறகுதான் கேள்வி எழுந்தது: இரண்டும் ஒரே கிருமியா? ஒன்றென்றால் தேசிக் கன்றுகளை அங்கிருந்து அகற்ற வேண்டும், ஊருக்குக் கொடுக்கவே கூடாது. வெவ்வேறென்றால் வில்வக் கன்றுகளை மட்டும் நிறுத்தி, மரத்தின் நோய்க்கொப்புகளைக் கழித்து எரித்தால் போதும்.

பரிபாலன சபைக் கூட்டத்தில் கருத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவர் போர்தோக் கலவை என்ற செப்பு மருந்தை அடித்துவிடலாம் என்றார். சிவனுக்குச் செப்புப் பாத்திரம் ஆகும், மயில்துத்தம் பூசிய இலை ஆகுமா என்று குருக்கள் கேட்டதும் அவர் அடங்கிவிட்டார். கனடாவிலிருந்து தொலைபேசியில் இணைந்திருந்த அன்பர், கிருமியின் முழு ஜீனோமையும், அதாவது மரபணுத்தொகையை, வாசித்துவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன் என்றார். முப்பது ஆண்டு உயிரியல் கற்பித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, எந்தச் சோதனைக்குப் போவது என்று ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நல்லகாலம், என் பெறாமகள் தாவர நோயியலில் பட்டமேற்படிப்பு முடித்து ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். கீழே உள்ளவற்றில் கைப்பழக்கம் அவளுடையது, பிடிவாதம் என்னுடையது.

மிகப் பழைய வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள்.

இளம் பொட்டொன்றின் விளிம்பைச் சவர அலகால் மெல்லியதாக வெட்டி, கண்ணாடித் தட்டில் ஒரு துளி நீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பற்றீரியா நோயென்றால், வெட்டுவாயிலிருந்து சாம்பிராணிப் புகை கிளம்புவதுபோல் ஒரு கலங்கல் நீரில் வழியும். பங்கசு நோயென்றால் அது வராது. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம், ஒரு அலகு, பாடசாலை நுணுக்குக்காட்டி. இதைச் செய்யாமல் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பியவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை பிறகு.

புகை தெரிந்தால் அடுத்தது வளர்ப்பு. பொட்டை மேற்பரப்பில் கிருமிநீக்கம் செய்து, துளி நீரில் நசுக்கி, ஏகார் தட்டில் கோடிழுத்து 28 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அடைகாக்கும் பெட்டி இல்லையென்றாலும் அறையின் மூலையே ஏறத்தாழ அந்த வெப்பத்தைத் தந்துவிடும். சாந்தோமோனாஸ் என்ற சாதி (ஜீனஸ்) என்றால் மூன்று நாளளவில் மஞ்சளாக, வழுவழுப்பாக, நெய் தடவியதுபோல் மினுங்கும் கொலனிகள் எழும். அந்த வழுவழுப்பு சாந்தன் என்ற பசை. ஐஸ்கிரீமும் சோசும் கெட்டியாக இருப்பதற்குத் தொழிற்சாலைகள் இதன் உறவுக்காரப் பற்றீரியாவை வளர்த்துத்தான் அந்தப் பசையை எடுக்கின்றன. 3 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளியில் ஒரு கொலனியைக் கலக்கி ஊசியைத் தூக்கினால் நூலாக இழுபடும். பற்றீரியாவின் இரு பெரும் பிரிவுகளுள் கிராம் எதிர் வகை என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஆனால் மஞ்சள் நிறத்தை நம்பி ஏமாறக் கூடாது. பான்டோயியா என்ற இன்னொரு கூட்டமும் மஞ்சள்தான். இலைமேல் சும்மா குடியிருக்கும் அது, நோய்ப்பொட்டுக்குள் இரண்டாவதாகப் புகுந்து, தட்டில் முதலாவதாக வளர்ந்துவிடும். விரைவாக வளர்வது அதன் பழக்கம். பசியோடு வந்தவனை விட்டுப் பந்தியில் முந்தியவனைப் பிடித்த கதையாகிவிடும்.

இங்கேதான் எங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. தனிப்படுத்திய பற்றீரியாவை நீரில் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சினால் புகையிலையின் அடிப்பக்கத்தில் அழுத்தி ஏற்றினால், தாவர நோயாக்கியாயின் ஏற்றிய இடம் ஒரு நாளளவில் வாடிக் காய்ந்துவிடும். இலை தன் கலங்களைத் தானே சாகவிட்டு வேலி கட்டிக்கொள்கிறது. சும்மா குடியிருக்கும் பற்றீரியாவுக்கு இலை அசைந்துகொடுப்பதில்லை. ஹங்கேரியரான கிளெமென்ட் 1963இல் அறிமுகப்படுத்திய சோதனை இது. உலகின் எந்தப் பெரிய ஆய்வுகூடத்திலும் இதற்காகப் புகையிலையைத் தனியாக வளர்க்க வேண்டும். நமக்குத் தோட்டத்தில் நிற்கிறது. நிற்கிறதென்பதற்காக அயலவர் தோட்டத்தில் போய் ஊசி போடவேண்டாம். ஒரு சாடியில் இரண்டு கன்று வைத்து, மூடிய இடத்தில் செய்து, முடிந்ததும் எரிக்க வேண்டும். எல்லா நோயாக்கிகளும் புகையிலையில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை; ஆகவே இது முதல் சல்லடை, அவ்வளவுதான்.

இந்த வழியின் கணக்கு: செலவு மிகக் குறைவு, இரண்டு வாரத்துக்குள் முடியும், மின்சாரம் அதிகம் வேண்டாம். கிடைப்பது தூய வளர்ப்பு ஒன்றும், சாதி என்னவாக இருக்கலாம் என்ற ஊகமும். இனம் தெரியாது. கைநுட்பம் வேண்டும், அது ஒரு நாளில் வராது.

இனி அந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் கோயிலின் மேற்கு வீதி வேம்பொன்றில் கொப்புகள் கருகின. மரபணுச் சோதனை என்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில் இலைகளை ஒரு பையில் போட்டு இரவு பஸ்ஸில் அனுப்பினேன். அந்த ஆய்வுகூடம் இலையை அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, எல்லாப் பற்றீரியாவுக்கும் பொதுவான 16எஸ் மரபணுவைப் பெருக்கி, வரிசையை வாசித்து அனுப்பியது. அறிக்கையில் சயனோபற்றீரியாவுக்கு நெருங்கிய உறவு என்றிருந்தது. நான் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எண்ணி இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெறாமகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பெரியப்பா, இது வேம்பின் பச்சையவுருமணி. மரத்தின் பச்சையத்தையே குற்றவாளி என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்."

நான் வகுப்பில் முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்த பாடம்தான். பச்சையவுருமணி ஒருகாலத்தில் சயனோபற்றீரியாவாக இருந்தது. இழைமணியும் ஒரு பழைய பற்றீரியாவின் வழித்தோன்றல். இரண்டும் இன்றும் தமக்கென்று 16எஸ் மரபணு வைத்திருக்கின்றன. இலையை அரைத்தால் அவை கோடிக்கணக்கில் வரும். நோயாக்கி அந்தச் சனத்திரளில் தொலைந்துவிடும். பச்சையவுருமணியைத் தவிர்த்துப் பற்றீரியாவை மட்டும் பிடிக்கும்படி அமைத்த 799 என்ற பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) 2001 முதல் இருக்கிறது. நானோ எந்தப் பிரைமர் என்று கேட்கவேண்டும் என்பதையே அறியாதிருந்தேன். மரங்களின் இலையில் இன்னொரு தொல்லையும் உண்டு: தனினும் பசையும் டி.என்.ஏ.யோடு சேர்ந்து வந்து, அதைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் நொதியத்தை முடக்கிவிடும். வில்வத்தின் பசையைக் கையில் பிசைந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முடங்கிய பி.சி.ஆர். இல்லை என்று சொல்லும். அதை நோயாக்கி இல்லை என்று வாசித்துவிடுவோம்.

ஆகவே 16எஸ் செய்வதென்றால் தூய வளர்ப்பிலிருந்து செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் அது நல்ல கருவி. ஈ.கோலி என்ற குடல் பற்றீரியாவில் 1,542 காரங்கள் (டி.என்.ஏ.யின் எழுத்துகள்) நீளமான மரபணு. சாங்கர் என்ற வரிசை வாசிப்பு முறையில் இரு முனையிலிருந்தும் இரண்டு வாசிப்பு போதும். ஆனால் நமது கேள்விக்கு அதன் எல்லை வெகு கிட்டத்தில் முடிந்துவிடுகிறது. 16எஸ் ஒற்றுமை ஏறத்தாழ 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனம் என்று துணிந்து சொல்லலாம். அதற்கு மேலே இருந்தால் ஒரே இனம் என்று சொல்லிவிட முடியாது. சாந்தோமோனாசின் பெரும்பாலான இனங்கள் தமக்குள் 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருப்பவை. சாதி தெரியும், இனம் தெரியாது. (பாடநூலில் சாதி என்பது ஜீனசைக் குறிக்கிறது. அந்தச் சொல்லை எங்கள் ஊரில் உரக்கச் சொல்லிக் கற்பிக்கும் ஆசிரியரின் சங்கடம் தனிக் கட்டுரைக்குரியது.) தட்டைப் பார்த்தே சாந்தோமோனாஸ் என்று ஊகித்தவளுக்கு 16எஸ் புதிதாகச் சொல்வது மிகக் கொஞ்சம்: பான்டோயியா அல்ல என்ற உறுதி.

ஜைர்-பி என்ற மரபணு அதைவிடக் கூர்மையானது. டி.என்.ஏ.யின் முறுக்கைக் கையாளும் ஒரு புரதத்தின் குறிப்பு அது. 16எஸ் மிக மெதுவாக மாறும். ஜைர்-பி சற்று விரைவாக மாறும். அதனால் அக்கா தங்கை இனங்களுக்கிடையேயும் வேறுபாடு தெரியும். சாந்தோமோனாசுக்கு இதன் ஒரு துண்டை வாசித்தாலே பெரும்பாலும் இனத்தை நிறுத்திவிடலாம். ஐயமிருந்தால் ஆர்.பி.ஓ.-டி, டி.என்.ஏ.-கே, எஃப்.வை.யூ.-ஏ என்ற மூன்றையும் சேர்த்து நான்கு மரபணுக்களின் உறவுமரம் வரைவது வழக்கம். செலவு 16எஸ் வாசிப்பின் அளவுதான், மரபணு ஒன்றுக்கு. அதே இயந்திரம், அதே கை. பிரைமர் மட்டும் வேறு. இருந்தும் எல்லோரும் 16எஸ் கேட்பது, அது பாடநூலில் இருப்பதால் என்றுதான் நினைக்கிறேன்.

நோய்க்கே உரிய பி.சி.ஆர். என்பது இன்னொரு வழி. தேசிச் சொறியைத் தேட ஆயத்தப் பிரைமர்கள் பல உண்டு; பி.டி.எச்.-ஏ என்ற மரபணுவின் துண்டைத் தேடுபவை அவற்றுள் பெயர்பெற்றவை. வளர்ப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அரைநாளில் ஆம் அல்லது இல்லை என்று பதில். நாற்றுமேடையில் நூறு தேசிக் கன்றுகளைச் சலிப்பதென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். வில்வத்துக்கு மாட்டேன். தேசியின் கிருமியை மனதில் வைத்து அமைத்த கேள்வியை வில்வத்தின் கிருமியிடம் கேட்டால், ஆம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் பொருள் என்னவென்று தெரியாது. தெரியாததைத் தேடும்போது, தெரிந்ததை மட்டும் பிடிக்கும் வலை உதவாது.

கனடா அன்பரின் முழு மரபணுத்தொகைக்கு வருகிறேன். இதை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் இருப்பவற்றுள் நிறைவான பதில் அதுதான். தேசிச் சொறிக் கிருமியான சாந்தோமோனாஸ் சிட்ரியின் தொகையைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 52 இலட்சம் காரங்கள், ஒரு நிறமூர்த்தம், பிளாஸ்மிட்டு என்ற சிறு டி.என்.ஏ. வளையங்கள் இரண்டு. நம் கிருமியின் தொகையை அதன் பக்கத்தில் வைத்தால் சராசரி ஒற்றுமை 95 அல்லது 96 சதவீதத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து இனத்தை ஐயமின்றி முடிக்கலாம். எந்த நாட்டுக் குலவகைக்கு உறவு, எந்த ஆயுத மரபணுக்கள் இருக்கின்றன, செம்புக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்பவையும் அதிலேயே கிடைக்கும். போர்தோக் கலவைக்காரருக்கும் அதில் ஒரு பதில் இருக்கும்.

ஆனால் வாசிக்கும் முறை முக்கியம். சொறி தக்கையாக எழுவதற்குக் காரணம் பி.டி.எச்.-ஏ4 என்ற மரபணு; அதன் புரதம் தேசியின் கலத்துக்குள் புகுந்து, மரத்தின் சொந்த மரபணுவொன்றைத் தூண்டிவிட்டுக் கலங்களைப் பெருக்கவைக்கிறது. அந்தப் பற்றீரிய மரபணுவின் நடுப்பகுதி 102 காரங்கள் கொண்ட ஒரே துண்டு, சிறுசிறு மாற்றங்களோடு பதினேழரைத் தடவை அடுத்தடுத்து வருவது. தேவாரப் பதிகத்தில் ஒரே ஈற்றடி ஒவ்வொரு பாட்டிலும் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான குறுவாசிப்பு இயந்திரங்கள் 150 காரங்களாகக் கிழித்து வாசிப்பவை. கிழிந்த சீட்டில் ஈற்றடி மட்டும் இருந்தால் அது எத்தனையாம் பாட்டு என்று யார் சொல்வது? அடுக்கும்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மடிந்துவிடும். நோயைச் செய்கிற மரபணுவே அறிக்கையில் சிதைந்து வரும். ஆயிரக்கணக்கான காரங்களை ஒரே மூச்சில் வாசிக்கும் நானோபோர் போன்ற நெடுவாசிப்பு வேண்டும். அந்தக் கருவி கைக்குள் அடங்கும், மடிக்கணினியில் செருகலாம். உயர்தரமான, நீளம் சிதையாத டி.என்.ஏ.யை அதற்குக் கொடுப்பதுதான் கடினம். பணம் கொடுப்பவர் "ஜீனோம்" என்று மட்டும் சொல்கிறார். எந்த வாசிப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் மலிவானதுதான் வரும்.

செலவு ஜைர்-பி வாசிப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகு, வந்த கோப்பைப் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். அந்தச் செலவை எவரும் எழுதுவதில்லை.

இன்னுமொன்று. தாவர நோய்ப் பற்றீரியாக்களில் முழுத்தொகையும் முதலில் வாசிக்கப்பட்டது சைலெல்லா பாஸ்டிடியோசா. ஆண்டு 2000, இடம் பிரேசில், நோய் தோடை மரங்களுடையது. 2013இல் அதே இனம் இத்தாலியின் தென்கிழக்கிலுள்ள புலியாவில் ஒலிவ மரங்களில் தெரியவந்தது. நூற்றாண்டு கண்ட மரங்கள் அதற்குப் பிறகும் பட்டுப்போயின. தொகை கையிலிருந்தது, மரம் நிற்கவில்லை. வாசித்ததால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. அந்தப் பற்றீரியாவை அடையாளங்காண அது பெரிதும் உதவியது. சபையில் சிலர் ஜீனோமை மருந்து என்று எண்ணிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

இப்போது இந்த ஒப்பீட்டின் முடிச்சுக்கு வருவோம். இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட வில்வச் சொறிக் கிருமிக்குப் பில்வே என்று பெயர். அதுவும் சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற இனத்துக்குள்ளேயே, தேசிச் சொறி வகைக்கு நெருங்கிய உறவில் வைக்கப்பட்டிருக்கிறது. கறுத்தக் கொழும்பான் உட்பட மாமரங்களுக்கு வரக்கூடிய கரும்புள்ளி நோயின் கிருமியும் அந்த இனத்துக்குள்தான். ஆகவே ஜைர்-பி வாசித்து "சாந்தோமோனாஸ் சிட்ரி" என்று பதில் வந்தாலும் நம் கேள்வி அப்படியே நிற்கும். இனத்துக்குக் கீழே உள்ள பிரிவை நோய்வகை என்கிறார்கள். அந்தச் சொல்லின் இலக்கணமே, எந்தச் செடியில் எந்த நோயை உண்டாக்குகிறது என்பதுதான். மரபணு அதை ஊகிக்க உதவும். தீர்ப்பது செடி.

கொக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1880களில் வகுத்த நிபந்தனைகளை நான் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! நோயிலிருந்து கிருமியைப் பிரி, தனியாக வளர், நலமான உயிரில் ஏற்று, அதே நோய் வருகிறதா பார், மீண்டும் அதே கிருமியைப் பிரி. வில்வத்தின் கிருமியை வில்வக் கன்றிலும் தேசிக் கன்றிலும் ஏற்ற வேண்டும். தேசியின் கிருமியைத் தேசியிலும் வில்வத்திலும் ஏற்ற வேண்டும். வெறும் நீரை இரண்டிலும் ஏற்ற வேண்டும். தேசியில் நிலைமை ஒத்துவந்தால் ஒரு வாரம் பத்து நாளிலேயே பொட்டுத் தெரியும். இந்தச் சாடிகள்தான் சபையின் கேள்விக்கு நேர்ப்பதில் சொல்லும்: தேசியிலிருந்து வில்வத்துக்குத் தாவுமா, தாவாதா. விலையோ கன்றும் கொசுவலையும் பொறுமையும்.

பெறாமகளுக்கு இதில் ஒரு மறுப்பு இருந்தது. "ஊசியால் குத்தி ஏற்றினால் இயற்கையில் வராத நோய்கூட வரும், பெரியப்பா. அதை வைத்துத் தாவும் என்று சொல்லிவிட முடியாது." நியாயம்தான். ஆகவே குத்தி ஏற்றுவதோடு, குத்தாமல் தெளிப்பதும் செய்ய வேண்டும். தெளித்துமே வந்தால் சந்தேகமில்லை. குத்தினால் மட்டும் வந்தால், காயமிருந்தால் தாவும் என்று எடுத்துக்கொள்ளலாம். மாரிக்காற்றும் இலைச்சுரங்கப் புழுவும் தேசி இலையில் காயத்துக்குக் குறைவைப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த முறை எல்லா மரத்துக்கும் பொருந்தாது. இரண்டு இடங்களில் அது கைவிட்டுவிடும்.

ஒன்று, வளர்க்கவே முடியாத கிருமிகள். தென்னிலங்கையில் வெலிகமப் பக்கத்துத் தென்னைகளை வாட்டிய நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற பற்றீரிய வகை. கலச்சுவரே இல்லாமல் மரத்தின் உரியநாளங்களுக்குள் வாழ்வது. தேசி இனத்தின் பச்சையாதல் நோய்க்குரிய லிபெரிபாக்டரும் உரியநாளங்களுக்குள் வாழ்வதுதான். தத்துப்பூச்சியொன்று காவும் அந்தக் கிருமியைத் தட்டில் தூய வளர்ப்பாக எடுக்க முடிவதில்லை. எங்கள் வளவுகளின் கறிவேப்பிலை அந்தப் பூச்சிக்குப் பிடித்த மரம் என்பது ஒரு கசப்பான செய்தி. அவற்றுக்குப் பி.சி.ஆர்.தான் முக்கிய வழி. பைட்டோபிளாஸ்மாவுக்கு ஒரு சுற்றுப் பெருக்கியதை இன்னொரு பிரைமர் சோடியால் இரண்டாம் சுற்றும் பெருக்குவார்கள். அதனால் ஆய்வுமேசையில் காற்றில் பறந்த துளியும் ஆம் என்று பதில் சொல்லக்கூடும். நீர் மட்டும் வைத்த குழாயும் ஆம் என்றால் அந்த நாளின் முடிவு முழுவதையும் குப்பையில் போட வேண்டும். பனைக்கு இப்படியொன்று வந்தால் என்ற நினைப்பையே நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மற்றது, ஒருவன் தனியாகச் செய்யாத குற்றம். அடிமரத்தில் கறுப்புக் கசிவு வடியும் மரங்களில் பல பற்றீரியாக்கள் ஒன்றாகக் குடியிருக்கும். பிரித்தானியாவின் ஓக் மரங்களில் இப்படியொரு நோயை ஆராய்ந்தபோது பிரென்னேரியா குட்வினியும் கிப்சியெல்லா குவெர்சினெகான்சும் முக்கியமானவையாகத் தெரிந்தன. ஒரு வண்டும் அந்த நோயோடு தொடர்புபட்டிருந்தது. அங்கே பட்டையின் எல்லா டி.என்.ஏ.யையும் ஒட்டுமொத்தமாக வாசித்தது பயன்பட்டது. எங்கள் வேம்புக்கும் அதுதான் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அங்கும் மரத்துண்டில் மீண்டும் ஏற்றிப் பார்த்த பிறகுதான் பேசினார்கள். திருவிழாவில் நின்றவனெல்லாம் தேர் இழுத்தவனல்ல.

அனுப்புவதைப் பற்றி நாலு வரி. உயிருள்ள வளர்ப்பை நாட்டுக்கு வெளியே அனுப்ப இரு பக்கத்து அனுமதிகளும் வேண்டும், அது நியாயமும்கூட. கொதிக்கவைத்துக் கொன்று பிரித்த டி.என்.ஏ. அல்லது பி.சி.ஆர். விளைபொருளை அனுப்புவது எளிது, இருப்பினும் முறைப்படி கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும். இலைச் சாற்றை அழுத்தியெடுக்கும் எஃப்.டி.ஏ. அட்டை ஒன்றுண்டு. கிருமி அதில் செத்துவிடும், டி.என்.ஏ. அறை வெப்பத்தில் கிடக்கும், கடிதவுறையில் வைத்து யாழ்தேவியில் அனுப்பலாம். அதிலிருந்து மீண்டும் வளர்க்க முடியாது என்பதுதான் அதன் குறையும் பாதுகாப்பும்.

வளர்ப்பைச் சேமிப்பது இன்னொரு தலைவலி. கிளிசரோல் கலந்து மறை 80 பாகையில் வைப்பதே சிறந்தது. 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நின்ற நாட்டில் குளிர்பெட்டி ஒன்றை மட்டும் நம்புவது விவேகமல்ல. ஒரு பிரதியை வேறொரு நிறுவனத்திலும், இன்னொன்றை உலர்த்தியும் வைக்க வேண்டும். கனடாப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொன்னபோது அன்பர் சற்று ஏமாற்றமடைந்தார். ஜீனோம் என்றால் கல்வெட்டில் போடலாம். குளிர்பெட்டிக்கு மின்கலம் வாங்கியதை எப்படிப் போடுவது?

சபைக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். வில்வத்திலிருந்தும் தேசியிலிருந்தும் தலா மூன்று தூய வளர்ப்புகள். ஒரு மரத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து அதன்மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. ஆறையும் புகையிலையில் பார்ப்பது. ஆறுக்கும் ஜைர்-பி மட்டும் வாசிப்பது, 16எஸ் வேண்டாம். கூடவே சாடிகளில் மாற்றி மாற்றி ஏற்றுவது. சாடிகள் பதில் சொன்ன பிறகு, வில்வத்தில் ஒன்றும் தேசியில் ஒன்றுமாக இரண்டே இரண்டுக்கு நெடுவாசிப்பில் முழுத்தொகை. அதற்கு முன் ஒரு சதமும் ஜீனோமுக்குக் கொடுக்க வேண்டாம். வில்வத் தட்டில் ஒன்றும் வளராமல் போனால், அல்லது மூன்று வளர்ப்பும் மூன்று விதமாக இருந்தால், இந்தத் திட்டத்தைக் கிழித்துவிட்டுப் பொட்டின் ஒட்டுமொத்த டி.என்.ஏ.க்குப் போகலாம், அப்போது 799 பிரைமரைக் கேட்டு வாங்குவேன்.

கூட்டம் இரண்டு மணிநேரம் நடந்தது. ஜீனோமைப் பிறகு செய்வதற்கு அன்பர் ஒத்துக்கொண்டார், இரண்டு என்பதை நான்காக்கும்படி கேட்டுக்கொண்டு. குருக்கள் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: தலவிருட்சத்தில் ஊசி ஏறக் கூடாது, பரிசோதனையெல்லாம் விதையில் முளைத்த கன்றில்தான். அறிவியலும் அதைத்தான் கேட்கிறது என்பதால் உடனே சம்மதித்தேன்.

ஆடியில் போட்ட வில்வ விதைகள் இந்தப் புரட்டாதியில் நாலைந்து இலை விட்டிருக்கின்றன. பழைய நெற்கூடத்தில் இரட்டைக் கொசுவலைக்குள் சாடிகள் நிற்கின்றன. தேசிக்கு ஒரு வலை, வில்வத்துக்கு ஒரு வலை. தட்டுகளில் மஞ்சள் எழுந்துவிட்டது, பான்டோயியாவா இல்லையா என்று புகையிலை நாளை சொல்லும். நாற்றுமேடை இளைஞர்களிடம் பேசினேன். வேம்பு வேறு குடும்பத்து மரம், அதை ஐப்பசியில் கொடுக்கலாம். வில்வமும் தேசியும் அவற்றின் குடும்பத்து விளாத்தியும் தை வரை பையிலேயே நிற்கும்.